கோரி, குரி, ஹூரி, கூரி: எல்லாம் ஒரே குடும்பமா?

குடுவை:
கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். போன வாரம் கோரி-ஹவுஸ் வினை. லித்தியம் டையல்கைல் குப்ரேட்டைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி: "சார், ஹவுஸ்னா வீடு. கோரின்னா என்ன?" வகுப்பே சிரித்தது. ஏதோ ஐரிஷ் பெயராக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடினால் நான் சொன்னது சுத்தத் தப்பு. இ.ஜே. கோரி 1990-ல் நோபல் வாங்கியவர், 1928-ல் மாசசூசெட்ஸில் மெத்தூன் என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் லெபனானிலிருந்து வந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். குடும்பப்பெயர் அரபியில் 'கூரி'. பாதிரியார் என்று பொருள். அமெரிக்காவில் அது கோரி ஆகியிருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. மெக்சிகோவின் கெரெத்தாரோ மாநிலத்துக்கு 2021-ல் ஆளுநரானவர் மவுரிசியோ குரி. அர்ஜென்டினாவின் துக்குமான் மாகாணத்தில் 1973 முதல் 1976 வரை ஆளுநராக இருந்தவர் அமாடோ ஹூரி. பிரேசிலில் தெருவுக்குத் தெரு 'குரி' இருக்கிறார்களாம். சுதந்திர லெபனானின் முதல் குடியரசுத் தலைவர் பெஷாரா எல் கூரி. இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா? ஒரே ஊரிலிருந்து கிளம்பியவர்களா? மாணவனுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அகழி:
சொல் ஒன்று, குடும்பம் ஒன்றல்ல. நம் ஊரில் 'பூசாரி வீடு' என்று ஒரு வீடு எந்தக் கிராமத்தில் இல்லை? உசிலம்பட்டிப் பக்கத்துப் பூசாரி வீட்டுக்கும் திருவாரூர்ப் பக்கத்துப் பூசாரி வீட்டுக்கும் என்ன உறவு? அதே கதைதான் இங்கும். லெபனான் மலையில், சிரியாவில், பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவக் கிராமம் ஒவ்வொன்றிலும் ஒரு பாதிரியார் இருந்தார். அவர் பிள்ளைகள் 'கூரியின் பிள்ளைகள்'. இரண்டு தலைமுறை போனால் அதுவே குடும்பப்பெயர். சிரியாவில் 1944-ல் பிரதமரான ஃபாரிஸ் அல் கூரிக்கும் நீங்கள் சொன்ன பெஷாராவுக்கும் பெயர் ஒற்றுமைதான் பொருத்தம்.

பாதிரியாருக்கு எப்படிப் பிள்ளைகள் என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். கீழைத் திருச்சபைகளில், அதாவது மாரோனைட், மெல்கைட், அந்தியோக்கியா ஆர்த்தடாக்ஸ் சபைகளில், திருமணமானவர் குருப்பட்டம் பெறலாம். பட்டம் பெற்ற பிறகு திருமணம் செய்துகொள்ள முடியாது, ஆயராகவும் முடியாது. அவர் மனைவிக்கும் ஒரு பட்டம் உண்டு, 'கூரிய்யே'. அமெரிக்காவில் உள்ள அந்தியோக்கியா ஆர்த்தடாக்ஸ் கோவில்களில் இன்றைக்கும் பாதிரியாரின் மனைவியைக் 'கூரியா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மற்ற பெயர்களும் இப்படித்தான். ஹத்தாத் கொல்லர், நஜ்ஜார் தச்சர், ஹாயெக் நெசவாளர் (நடிகை சல்மா ஹாயெக்கின் பெயர் அதுதான்), சாயெக் பொற்கொல்லர், கய்யாத் தையல்காரர். ஹத்தாத் என்பவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள் என்றால் உலகத்தில் உள்ள ஆசாரிகள் எல்லோரும் பங்காளிகள் என்று ஆகிவிடும்.

ஆதிச்சொல்:
நண்பர்களே, கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டு எங்கெங்கோ போகிறீர்கள். கூரி என்றால் மதகுரு. தமிழில் குரு. குரு, குருக்கள், கூரி. பழங்காலத்தில் யவனர்கள் முசிறிக்கு வந்து போனபோது மிளகோடு சொல்லையும் கொண்டுபோயிருக்க வாய்ப்பில்லையா?

அகழி:
மிளகு போனது. இந்தச் சொல் போகவில்லை. 'குரு'வே சமஸ்கிருதம் என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: கிரேக்கத்தில் 'கோரா' என்றால் நாட்டுப்புறம், 'எபிஸ்கோபோஸ்' என்றால் மேற்பார்வையாளர், அதாவது ஆயர். இரண்டும் சேர்ந்த 'கோரெபிஸ்கோபோஸ்', நாட்டுப்புறத்து ஆயர், சுருங்கி சிரியாக் மொழி வழியாக அரபிக்கு வந்து 'கூரி' ஆனது. அந்த நாட்டுப்புறத்து ஆயர் பதவி கீழைச் சபைகளில் உண்மையிலேயே இருந்தது. ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு சொன்னால், ஹங்கேரியில் கூட நமக்குச் சம்பந்தி கிடைப்பார்கள்.

ஆதிச்சொல்:
சரி, சரி. வாய்ப்பில்லையா என்றுதானே கேட்டேன்.

நெறியாளர்:
குரு பற்றி வேண்டுமானால் சொல்லாராய்ச்சிப் பகுதியில் தனி இழை திறங்கள். இங்கே கூரி மட்டும்.

துறைமுகம்:
குடுவை சார், பெயர் எப்படிப் பிறந்தது என்பதை விட எப்படிக் கப்பல் ஏறியது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

மலை லெபனானின் பிழைப்பு பட்டு. முசுக்கட்டைச் செடி வளர்த்து, புழு வளர்த்து, நூலை பிரான்சின் லியோனுக்கு அனுப்புவார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் சீனப் பட்டும் ஜப்பான் பட்டும் மலிவாக ஐரோப்பாவில் இறங்க ஆரம்பித்தன. அதற்கு முன்பே 1860-ல் மலையில் துரூஸ் என்ற மதப்பிரிவினருக்கும் மாரோனைட் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த கொலைகள். நிலம் துண்டு துண்டாகப் போயிருந்தது, பிள்ளைகள் அதிகம். 1909-ல், அந்தப் பகுதியை அப்போது ஆண்ட துருக்கிய உஸ்மானிய அரசு கிறிஸ்தவ இளைஞர்களையும் கட்டாயமாகப் படைக்கு எடுக்க ஆரம்பித்ததும், மிச்சம் இருந்தவர்களும் பெய்ரூத் துறைமுகத்தில் நின்றார்கள். அங்கிருந்து மார்செய் அல்லது ஜெனோவா, அப்புறம் அட்லாண்டிக். 'அமெரிக்கா' என்று டிக்கெட் வாங்கினால் நியூயார்க்கா, பிரேசிலின் சாந்தோஸா, அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸா என்பதெல்லாம் பலருக்கு இறங்கின பிறகுதான் தெரிந்தது என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

கையில் இருந்தது உஸ்மானியப் பயண ஆவணம். அதனால் லத்தீன் அமெரிக்கா முழுக்க இவர்களுக்குப் பெயர் 'துர்க்கோ', துருக்கியன். துருக்கியரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு அந்தப் பெயர்! பிரேசிலில் ஒரு பழைய வேடிக்கை உண்டு: இறங்கும்போது துருக்கியன், கடை வைத்தால் சிரியன், பணம் சேர்ந்தால் லெபனான்காரன்.

இப்போது கூரிக்கு வருவோம். முதல் எழுத்தின் ஒலி தொண்டையைச் செருமுவது மாதிரி வரும். ஸ்பானியத்தில் அதற்குக் கிட்டத்தட்ட அதே ஒலி உள்ள எழுத்து இருக்கிறது, 'ஜோஸ்' என்று எழுதி 'ஹொசே' என்று படிக்கிறோமே, அந்த எழுத்து. அதனால் அர்ஜென்டினாக்காரன் எழுதினது காதில் விழுந்ததுக்கு ரொம்பப் பக்கம். ஆங்கிலத்தில் படிக்கிறவனுக்கு மட்டும் அது ஜூரி. போர்ச்சுகீசியத்தில் அந்த இடத்தில் வைக்க வசதியான எழுத்து இல்லை, 'க' போட்டார்கள். அமெரிக்காவில் ஏற்கனவே கோரி என்று ஒரு பெயர் புழக்கத்தில் இருந்தது, அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக, இந்த எழுத்துக் கூட்டல் ஆளின் வம்சத்தைச் சொல்லாது. கப்பல் எந்தக் கரையில் நின்றது என்பதைச் சொல்லும்.

பனங்காய்:
நாமும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறோம். இந்த இழை முழுக்க 'கூரி' என்று 'க' போட்டுத்தானே எழுதுகிறோம்? தமிழ் எழுத்து அந்த விஷயத்தில் பிரேசில் கட்சி.

பாஸ்போர்ட்_பாண்டி:
எனக்கு ஒரு சந்தேகம். கூரி பிழைத்தது. ஆனால் எல்லோருக்கும் குடும்பப்பெயர் இருந்ததா என்ன? அரபியில் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று அடுக்குவார்கள் இல்லையா? என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதினேன். அமெரிக்காவில் இன்றைக்கு அலுவலகம் முழுக்க என்னை என் அப்பா பெயரால் கூப்பிடுகிறது. என் மகனுக்கும் அதே. அவன் மகன் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சுமக்கப் போகிறான், ஏன் என்று அவனுக்குத் தெரியாது.

அகழி:
பாண்டி அண்ணே, உங்கள் கதைக்கு மெக்சிகோவில் ஒரு பெரிய ஆள் துணைக்கு இருக்கிறார். கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிம். அவர் அப்பா 1902-ல் 14 வயதுப் பையனாக லெபனானிலிருந்து மெக்சிகோவுக்கு வந்தார். பெயர் கலீல் சலீம் ஹத்தாத். கலீல் 'ஹூலியான்' ஆனது. சலீம் 'ஸ்லிம்' ஆகிக் குடும்பப்பெயர் இடத்தில் உட்கார்ந்தது. உண்மையான குடும்பப்பெயரான ஹத்தாத் இரண்டாவது இடத்துக்குப் போய், அடுத்த தலைமுறையில் காணாமல் போனது. ஸ்பானிய வழக்கில் அப்பா பெயர் முன்னால், அம்மா பெயர் பின்னால். அதனால் மகன் கார்லோஸ் ஸ்லிம் எலூ. எலூ அம்மா வழி. ஒரு ஆளின் சொந்தப் பெயர் இப்படிப் பரம்பரைப் பெயரானது.

பெயரிலி_77:
இதெல்லாம் குடியேற்ற அதிகாரிகள் செய்த வேலை. நியூயார்க்கில் வந்து இறங்குகிறவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் வரிசையில் நிற்கிறவனின் பெயர் வாயில் நுழையாவிட்டால் குமாஸ்தா இஷ்டத்துக்கு ஒன்றை எழுதிவிடுவான். சினிமாவிலேயே பார்த்திருக்கிறோம்.

துறைமுகம்:
சினிமாவில்தான். எல்லிஸ் தீவில் அதிகாரி புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் நிறுவனம் பயணம் கிளம்பும் துறையில் தயாரித்த பட்டியல் அவர் மேசையில் இருக்கும். அதில் உள்ள பெயரைக் கூப்பிட்டு, கேள்விகளைக் கேட்டு, சரிபார்த்து அனுப்புவார். பல மொழி பேசும் மொழிபெயர்ப்பாளர்களும் பக்கத்தில் இருப்பார்கள். பெயர் மாறியது பிற்பாடு, பள்ளிக்கூடத்தில், ஆலையில், குடியுரிமை விண்ணப்பத்தில். பெரும்பாலும் அவரவரே மாற்றிக்கொண்டது. கோரி என்று எழுதினால் தினமும் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஹத்தாத்தை மொழிபெயர்த்தே 'ஸ்மித்' ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு.

பெயரிலி_77:
எல்லாருமே ஆசைப்பட்டா மாற்றிக்கொண்டார்கள்? எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் பிள்ளையின் பிறப்பைப் பதியப் போனால், பேனா யார் கையில் இருக்கிறது?

துறைமுகம்:
அது நியாயமான கேள்வி. அமெரிக்கக் கரையை விடப் பிரேசிலுக்கு அது கூடுதலாகப் பொருந்தும். அங்கே 1889 முதல் பிறப்பு இறப்புப் பதிவு பங்குக் கோவிலிலிருந்து அரசுப் பதிவகத்துக்கு வந்தது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். அண்ணன் பிள்ளை ஒரு ஊரில், தம்பி பிள்ளை வேறு ஊரில் என்றால் இரண்டு எழுத்துக் கூட்டல். நான் சொன்னது எல்லிஸ் தீவுக்கு மட்டும்.

மீனா_சாவோபாவ்லோ:
இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் இருப்பது சாவோ பாவ்லோவில், ஏழு வருஷமாக. என் மேல் மாடியில் இருக்கிற பாட்டியின் குடும்பப்பெயர் குரி! வயது 80-க்கு மேல். லிஃப்டில் பார்த்தால் கையில் ஏதாவது கொடுக்காமல் விடமாட்டார், பெரும்பாலும் கிபே. கறியையும் உடைத்த கோதுமையையும் பிசைந்து பொரிப்பது. இங்கே அது லெபனான் உணவு என்றே யாரும் நினைப்பதில்லை. நம் ஊர் டீக்கடையில் வடை இருப்பது மாதிரி எந்த பாரிலும் இருக்கும், இன்னொரு பக்கம் எஸ்ஃபீஹா, மேலே கறி வைத்துச் சுட்ட சின்ன ரொட்டி. அரபுப் பெயரில் நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் 'ஹபீப்ஸ்' உணவகத்தை ஆரம்பித்தவரே போர்ச்சுகலில் பிறந்தவர், அரபியர் அல்ல.

துறைமுகம் எழுதியது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். போர்ச்சுகீசியத்தில் 'இ' ஒலியில் முடியும் சொல்லுக்கு அழுத்தம் கடைசியில் விழும். அரபியில் 'கூ'-வில் அழுத்தம், இங்கே 'கு-ரீ' என்று கடைசியில் தூக்கிச் சொல்வார்கள். பாட்டியின் தாத்தா காலத்து ஆள் யாராவது வந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பதே சந்தேகம்.

பாட்டியின் தாத்தா 'மஸ்காச்சி', தலைச்சுமை வியாபாரி. பெட்டியில் ஊசி, நூல், ரிப்பன், சீலைத் துண்டு, புனிதர் படங்கள். கையில் ஒரு மரத் தட்டுக்கருவி. அதைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டே காபித் தோட்டங்களுக்குள் நடப்பாராம். கடன் கொடுத்துவிட்டு அடுத்த அறுவடைக்கு வசூல். பத்து வருஷம் நடந்து, மார்ச் 25 தெருவில் துணிக்கடை வைத்தார். (1824-ல் பிரேசிலின் முதல் அரசியலமைப்பு வந்த நாள் அது. இன்றைக்கு அந்தத் தெருவுக்குப் போனால் நம் ரங்கநாதன் தெரு தோற்றுவிடும்.)

இங்கே எத்தனை லெபனான் வம்சத்தார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள், 70 லட்சம், ஒரு கோடி. எதையும் நம்ப வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தோலின் நிறத்தைக் கேட்கிறார்கள், கொள்ளுத்தாத்தா எந்த நாடு என்று கேட்பதில்லை. அதனால் பலருக்குக் குடும்பப்பெயர் ஒன்றுதான் அடையாளம்.

பனங்காய்:
மீனா அக்கா, அந்தப் பாட்டியிடம் ஊர்ப் பெயர் கேட்டீர்களா? எந்த ஊர்க் கூரி என்று தெரிந்தால்தானே பிடி கிடைக்கும்.

மீனா_சாவோபாவ்லோ:
அதில் ஒரு சோகக் கதை இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள வம்சத்தாருக்குக் குடியுரிமை கொடுக்க 2015-ல் லெபனான் ஒரு சட்டம் போட்டது. பாட்டியின் மகன் ஆசைப்பட்டு காகிதம் எல்லாம் சேர்த்தார். வழக்கறிஞர் முதல் கேள்வியிலேயே கவிழ்த்துவிட்டார்: "லெபனான் தொடர்பு அப்பா வழியா, அம்மா வழியா?" பாட்டி வழி, அதாவது அம்மா வழி. சட்டம் அப்பா வழிக்கு மட்டும்தான். இங்கே பெயரில் அம்மா குடும்பப்பெயர் முன்னால், அப்பா குடும்பப்பெயர் கடைசியில் வரும், ஸ்பானியர்களுக்குத் தலைகீழ். மகன் பெயரில் குரி நடுவில் இருக்கிறது. பேரன் பெயரில் அதுவும் போய்விட்டது. பாட்டியின் பெரியப்பா பிள்ளைகள் வேறு எழுத்தில் எழுதுகிறார்கள், ஒரு சித்தப்பா குடும்பம் லெபனான் கூரி மாதிரியே பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் எழுதுகிறது. ஒரே தாத்தா, மூன்று பெயர்.

அந்தக் காகிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. அரபியில் ஒரு பழைய தாளும் உண்டு. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது.

அகழி:
பிரெஞ்சு எழுத்துக் கூட்டல் சுவாரசியமான குறி. 'ஊ' ஒலிக்கு இரண்டு எழுத்துப் போடுவது பிரெஞ்சு வழக்கம். 1920-லிருந்து 1943 வரை லெபனான் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சி வந்த பிறகு கிளம்பியவர்களுக்கு பாஸ்போர்ட்டிலேயே லத்தீன் எழுத்தில் பெயர் அச்சாகி இருந்தது, அதை எழுத்தர் அப்படியே பார்த்து எழுதினார். அதற்கு முன் வந்தவர்களுக்குக் காதுதான் ஆவணம். ஆகவே குரி என்றால் முன்னால் வந்தவர், பிரெஞ்சு மாதிரி எழுதினால் பின்னால் வந்தவர் என்று தோராயமாகச் சொல்லலாம்.

துறைமுகம்:
தோராயமாக என்பதை அடிக்கோடு போடுங்கள். மூன்றாம் தலைமுறையில் 'வேர்' தேடி மறுபடி பிரெஞ்சு எழுத்துக்கு மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. மீனா சொன்ன சித்தப்பா வீடே அந்த மாதிரி இருக்கலாம்.

அகழி:
ஒப்புக்கொள்கிறேன். மீனா, அந்த அரபித் தாளை யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: கூரி என்ற சொல் ஆளின் பெயருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? பின்னால் என்றால் குடும்பப்பெயர். முன்னால் என்றால் பட்டம், அந்த ஆளே பாதிரியார். 2023-ல் பிரேசிலின் நிதியமைச்சரான ஃபெர்னாண்டோ ஹத்தாத் இருக்கிறாரே, அவர் தந்தைவழித் தாத்தா ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். அவரைக் குறிப்பிடும்போது 'குரி ஹபீப் ஹத்தாத்' என்றுதான் எழுதுகிறார்கள். அங்கே குரி பெயரே இல்லை, 'ஃபாதர்' மாதிரி. குடும்பப்பெயர் ஹத்தாத்தாகவே நின்றுவிட்டது. எழுத்தர் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் இன்றைக்கு அவர் ஃபெர்னாண்டோ குரி.

குடுவை:
அந்த எழுத்து எப்படி இருக்கும் என்று அடையாளம் சொன்னால் மீனாவுக்கு உதவும்.

அகழி:
வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் எழுத்து கொக்கி மாதிரி வளைந்து, தலைக்கு மேல் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி அழிந்திருந்தால் 'ஹூரி' என்று படிக்கலாம், கீழே இருந்தால் 'ஜூரி'. ஆக அர்ஜென்டினா, அமெரிக்கா எல்லாமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

மீனா_சாவோபாவ்லோ:
படித்தாயிற்று. சிரியா அகதிகளுக்குப் பிரேசில் 2013-லிருந்து மனிதாபிமான விசா கொடுத்தது, அப்படி வந்த ஒருவர் எங்கள் தெருமுனையில் எஸ்ஃபீஹா கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை பாட்டியையும் பிஸ்கட் டப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கையில் மாவு, கழுவிவிட்டு வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்தார். புள்ளி இருக்கிறது. தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று அது.

"இன்னாரின் மகன்" என்ற இடத்தில் முதலில் கூரி, அப்புறம் ஒரு ஆள் பெயர் (இங்கே போடவில்லை), அப்புறம் நஜ்ஜார். அவரே இரண்டு தரம் படித்துவிட்டுச் சொன்னார்: "இவர்கள் கூரி குடும்பம் இல்லை. அப்பா கூரி. குடும்பம் நஜ்ஜார்."

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு போர்ச்சுகீசியத்தில் நஜ்ஜார் என்றால் என்ன என்று கேட்டார். தச்சர் என்றதும், "என் அப்பா ஒரு ஆணி நேராக அடித்ததில்லை" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தாளை மடித்து டப்பாவில் வைத்தார். கடைக்காரர் எஸ்ஃபீஹாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அகழி:
அடடா. ஊர்ப் பெயர்?

மீனா_சாவோபாவ்லோ:
இருந்த இடத்தில்தான் தாள் மடிந்து கிழிந்திருக்கிறது. முதல் இரண்டு எழுத்து மட்டும் தெரிகிறது.

குடுவை:
மாணவனிடம் சொல்லிவிட்டேன்: கோரி என்றால் பாதிரியார், லெபனான், குடும்பம் ஒன்றல்ல. சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெஞ்சு: "அப்போ கிரிக்னார்டு, சார்?" அவர் பிரெஞ்சுக்காரர், பெயருக்கு என்ன பொருள் என்று தெரியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். இந்தத் தடவை சமாளிக்கவில்லை.